எட்டு வெள்ளிக்கிழமைகள்

சீர்காழி
3.10.2025

ஹஃப்ஸாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அக்கா வீட்டில் நலமாகத்தான் இருக்கிறேன். தஞ்சாவூர் கவுன்சிலிங் மேடம் சொன்னதற்காக எழுதுகிறேன். "கோபத்தை எழுதாதீங்க, அதுக்கு அடியில என்ன இருக்கோ அதை எழுதுங்க" என்றார். எனக்கு அடியிலும் கோபம்தான்.

ஏழாம் மாதத்தில் பிள்ளை வயிற்றிலேயே மௌத்தாகிவிட்டது. துபாயிலிருந்த எனக்கு நீ சொல்லவில்லை. எட்டு வெள்ளிக்கிழமை போனில் "புள்ள ஒதைக்குதா?" என்று கேட்டேன். "ஒதைக்குது மச்சான்" என்றாய். எட்டு தடவை! கடைசியில் ஏர்போர்ட்டில் உன் வாப்பா சொல்ல வேண்டியிருந்தது. ஒரு வருடமாகியும் ஆறவில்லை. உன் வீட்டு மாப்பிள்ளையாக இனி என்னால் இருக்க முடியாது. 18ஆம் தேதிக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். இந்த முறை போனால் திரும்ப மாட்டேன்.

அப்சர்

நாகூர்
9.10.2025

அன்பு மச்சானுக்கு ஹஃப்ஸா எழுதுவது, ஸலாம்.

நேற்று தஞ்சாவூருக்கு நீங்கள் வரவில்லை. நான் மட்டும் போய் உட்கார்ந்திருந்தேன். உங்கள் கடிதத்தைப் படித்து, "இது புகார் மனும்மா" என்று சிரித்த பூர்ணிமா மேடம், நான் அழுததும் சிரிப்பை நிறுத்திவிட்டார். பிறகு, "ஏன் பொய் சொன்னீங்கன்னு கேக்கல. சொல்லும்போது உங்களுக்கு எப்படி இருந்துச்சு?" என்றார்.

வெளிநாட்டில் இருப்பவருக்குக் கெட்ட சேதி சொல்லக்கூடாது என்று உம்மா என் வாயை அடைத்தது உண்மைதான். நம் தெருவில் எந்த வீட்டில் சொல்லியிருக்கிறார்கள்? ஆனால் அது மட்டும் இல்லை மச்சான். நீங்கள் கேட்கிற அந்த நிமிடம் பிள்ளை உயிரோடு இருந்தது. அதற்காகவே வெள்ளிக்கிழமை எப்போது வரும் என்று கிடந்தேன்.

வந்த நாளிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்தீர்கள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். எனக்குப் பயமாக இருக்கிறது. நீங்களும் போய்விட்டால் நான் என்ன செய்வேன்? கெஞ்சிக் கேட்கிறேன், போகாதீர்கள்.

உங்கள் ஹஃப்ஸா

சீர்காழி
11.10.2025

என் ஹஃப்ஸா,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அக்கா சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்திருக்க முடியவில்லை. ஒன்று சொல்லியாக வேண்டும். படித்துவிட்டு என்னை வெறுத்தாலும் சரி.

எனக்குத் தெரியும். பிள்ளை போன மறுநாளே தெரியும். என் அறையில் இருந்த ஜாஃபர் சாதிக் ஊருக்குப் போன் பேசிவிட்டு வாய் தவறிச் சொல்லிவிட்டான். முதல் வெள்ளிக்கிழமை நீ பொய் சொல்கிறாயா என்று பார்க்கத்தான் கேட்டேன். நீ "ஒதைக்குது" என்றதும் மனசு அடங்கிவிட்டது. அப்புறம் அந்த ஒரு சொல்லுக்காகவே வாராவாரம் கேட்டேன். ஏர்போர்ட்டில் ஒன்றும் தெரியாதவன்போல் நின்றேன். ஒரு வருடமாக உன்னை மட்டும் பொய்க்காரி ஆக்கி வைத்திருந்தேன், பாவி.

டிக்கெட்டை இன்னும் கேன்சல் செய்யவில்லை. செய்துவிட்டேன் என்று எழுதினால் அதுவும் பொய். ஆனால் புதன்கிழமை மேடத்திடம் வருகிறேன். அங்கே வைத்து உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். ஆணா பெண்ணா என்றுகூட நான் இதுவரை கேட்கவில்லை.

கேட்கும்போது அழுதுவிடுவேன். நீ எழுந்து போய்விடாதே.

அப்சர்