பேனட்டில் மூன்று கோடு

ஏனுங்க,

வெள்ளகோவில் பஸ்ஸுக்குக் கிளம்பிட்டேனுங்க. தங்கச்சி பேரன் காதுகுத்துக்கு நம்ம பழைய பத்மினி காருலயே போலாம், ஷெட்டுல வெச்சு நானே பெயிண்ட் அடிச்சுப்போடறேன்னு நீங்க சொல்லி நாலு மாசமாச்சு.

ரசம் அடுப்பு மேல இருக்குது, சூடு பண்ணிக்குங்க. ஸ்ப்ரே கன்னை மறுபடியும் பாத்திரம் கழுவற தொட்டியில கழுவிப்போடாதீங்க.

பெயிண்ட் கடைக்காரர் பத்து மணிக்கு வந்து பாக்கறேன்னாருங்க. பேனட்டுல இதென்னங்கன்னு கேட்டா, திங்கக்கிழமை ஏழரைக்கு ராகுகாலம் வந்துரும்னு காயாத பெயிண்டு மேல திருநீறு பூசிப்போட்டேன்னு நீங்களே சொல்லிருங்க. நான் ஷெட்டைக் கூட்டுன தூசின்னு ஒரு வாரமா என்னைப் பேசுன மாதிரி அவருகிட்டயும் பேசாதீங்க. தூசி மூணு கோடா, நடுவுல குங்குமப் பொட்டோட விழாதுங்க.

அங்க யாராச்சும் காரு எங்கேன்னு கேட்டா, இன்னும் காயுதுன்னு சொல்லிக்கறேன்.

பூங்கோதை

பி.கு. டிரைவர் சீட்டுக்கு அந்தப் பக்கத்துக் கதவுல இருக்கற விரல் தடம் மட்டும் என்னுதுங்க. காஞ்சிருச்சான்னு தொட்டுப் பாத்தேன். உப்புத்தாள் போட்டு அதைத் தேய்ச்சுப்போடாதீங்க. அந்தக் காருல எனக்குன்னு இருக்கறது அதொண்ணுதான்.