பக்கத்து சீட்

ஜூன் 2, திங்கள்

தம்பி கிருபாவுக்குக் கார் பழகும் எல்.எல்.ஆர். வந்துவிட்டது. அவனுக்குப் பதினெட்டு முடிந்து பதினோரு நாள்தான் ஆகிறது. அதற்குள் என்ன அவசரம் என்பது சாயங்காலம் தெரிந்தது. அப்பா கை கழுவிக்கொண்டே சொன்னார்: "அவன் லைசென்ஸ் எடுத்துட்டா காரு அவன் பொறுப்பு. உனக்கென்ன கண்ணு, தை மாசத்துக்குள்ள கல்யாணம் ஆயிரும்."

யாரோடு? எந்த மாப்பிள்ளை? மூன்று வருஷமாக இந்த வீட்டில் அந்தக் காரை ஓட்டுவது நான் ஒருத்திதான். மதுக்கரையில் சிமெண்டு ஆலை லேபில் ஆறரை மணி ஷிப்ட். அன்னூரிலிருந்து எந்த பஸ் அந்த நேரத்துக்கு என்னைக் கொண்டுபோய்ச் சேர்க்கும்? கார் போனால் வேலையும் போகும். அப்பாவுக்கு இது தெரியாதா என்ன? நன்றாகத் தெரியும்.

ஜூன் 4

இன்னும் கேவலம். பழகுகிறவன் பக்கத்தில் லைசென்ஸ் வைத்திருக்கும் ஆள் உட்கார வேண்டும். அப்பாவுடையது காலாவதியாகி இரண்டு வருஷம். புதுப்பிக்கப் போனால் கண்ணில் புரை இருக்கிறது என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம். ஆகவே நான் உட்கார வேண்டுமாம்.

"டிரைவிங் ஸ்கூல்ல சேர்த்துங்களேன்ப்பா" என்றேன்.

"ஊட்லயே ஆளிருக்கறப்ப அது எதுக்கு?"

என் கையிலிருந்து சாவியைப் பிடுங்குவதற்கு நானே வகுப்பு எடுக்க வேண்டும். என்ன நெஞ்சழுத்தம்!

ஜூன் 8, ஞாயிறு

முதல் நாள். கிருபா சார் கண்ணாடியைத் திருப்பினார், தலை வார. பின்னால் வருகிற வண்டியைப் பார்க்க அல்ல. வழியில் அவன் சிநேகிதன் நிதீஷ் நின்றான். "அக்கா சும்மா தொணைக்கு வருதுடா" என்றான் என் தம்பி. துணைக்கா? அடப் பாவி. கிளட்சை விடத் தெரியாமல் எட்டு தடவை வண்டியை அணைத்தான். ஒவ்வொரு தடவையும் எனக்கு உள்ளூரச் சந்தோஷம்.

ஜூன் 15

குளத்து இறக்கத்தில் கியரை எடுத்துவிட்டு நியூட்ரலில் வண்டியை உருள விட்டான். கத்தினேன்.

"டீசல் மிச்சமாகுமுங்க. அப்பா முப்பது வருஷமா இப்படித்தான ஓட்டுனாரு?"

அதே அப்பாதான் எனக்கும் அப்படிச் சொல்லிக்கொடுத்தார். நியூட்ரலில் இறங்கினால் இன்ஜின் வண்டியைப் பிடித்து நிறுத்தாது, மொத்தப் பாரமும் பிரேக்கின் தலையில் விழும். அந்தப் பழக்கத்தை மறக்க எனக்கு ஒரு வருஷம் பிடித்தது. சொன்னேன். உச்சுக் கொட்டினான்.

சரி. போட்டுக்கோ ராசா. டெஸ்டில் பக்கத்தில் உட்காரப்போவது அக்கா இல்லை, இன்ஸ்பெக்டர்.

ஜூன் 22

இன்றும் நியூட்ரல். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். தோற்கட்டும். நாலு தடவை தோற்கட்டும்.

ஜூன் 29, ஞாயிறு



அதே இறக்கம். நியூட்ரல். வண்டி வேகம் பிடித்தது. எதிரே பால் கேனோடு பழனாத்தாள் ரோட்டைத் தாண்டிக்கொண்டிருந்தார், சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போகிறவர். இவன் பதறிப்போய் பிரேக்குக்குப் பதில் கிளட்சை மிதித்தான். நான் ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். கார் குறுக்கே திரும்பி நின்றது. பம்பர் கேனில் இடித்தது, அவர் மேல் படவில்லை. கேன் உருண்டு, அவரும் விழுந்து, முழங்கை தேய்ந்துவிட்டது. ரோடெல்லாம் பால்.

கிருபா ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்தே இருந்தான். நான்தான் ஓடிப்போய்த் தூக்கினேன். அவர் அவனைத் திட்டவே இல்லை. எல் போர்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அவன் பழகற பையன். ஏனம்மணி, நீ பக்கத்துல உக்காந்து என்ன பண்ணீட்டு இருந்தே?"

ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன், ஆத்தா. இதை எப்படிச் சொல்ல?

ஜூன் 30

வீட்டில் ஒரே ரகளை. "அக்கா ஒண்ணுமே சொல்லலீங்கப்பா" என்கிறான். பொய்! ஆனால் முழுப் பொய்யா? கடைசி இரண்டு வாரம் நான் வாயைத் திறக்கவில்லையே.

அப்பா குதித்தார். "தம்பி மேல அப்படி என்ன வயித்தெரிச்சல் உனக்கு?"

"ஆமாங்க, எரியுது. தெரிஞ்சேதான் சும்மா இருந்தேன். ஆனா நியூட்ரல் போடச் சொல்லிக்குடுத்தது ஆருங்க? நானா?"

அப்பா துண்டை உதறிக்கொண்டு வெளியே போனார். அம்மா மட்டும் "போதும் சாமி, உடு" என்றாள். போதாது. ஆனால் அந்தக் கேன் உருண்ட சத்தம் என் காதை விட்டுப் போகவில்லை. இனி அந்த சீட்டில் உட்கார்ந்தால் ஒழுங்காக உட்காருவேன். அவனுக்காக இல்லை.

ஜூலை 6

குளத்து இறக்கத்தில் அவனை இருபத்திரண்டு தடவை ஓட்ட வைத்தேன். இரண்டாவது கியர், பிரேக் மேல் கால். கை கியர் பக்கம் போனால் புறங்கையில் ஒரு அடி. "நீ அக்காவா, போலீசா?" என்று கத்தினான். "எனக்கு உன்னைக் கண்டாலே ஆகாது, ஓட்டுடா" என்றேன். ஓட்டினான். நன்றாகவே ஓட்டினான், சனியன்.

ஜூலை 10, வியாழன்

பாஸ். இன்ஸ்பெக்டர் ஒரு குறைகூடச் சொல்லவில்லையாம்.

மாசாணியம்மன் படத்துக்கு முன்னால் சாவியை வைத்து, குங்குமம் தொட்டு, அப்பா அதை அவன் கையில் கொடுத்தார். நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம். மூன்று வருஷத்துக்கு முன் எனக்குக் கொடுத்தபோது ஆணியில் இருந்து எடுத்துத் தூக்கிப் போட்டார். நான் எழுந்து உள்ளே போய்விட்டேன்.

ஜூலை 14

இரண்டு பஸ் மாறி, ஐம்பது நிமிஷம் லேட்.

ஜூலை 15

இன்றும் லேட். இன்னொரு தடவை என்றால் வர வேண்டாம் என்று லேப் இன்சார்ஜ் சொல்லிவிட்டார். ராத்திரிச் சாப்பாட்டில் அதைச் சொன்னேன். அப்பா ரசத்தைக் கேட்டார்.

கிருபாதான் சாவியை எடுத்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். "எனக்குக் காலேஜ் பஸ் ஊட்டு முன்னாலயே வருதுங்கப்பா. அக்கா கொண்டுபோகட்டும்."

"உம்பட காருடா அது!"

"அப்ப நான் சொல்றதுதானுங்க."

பேச்சைப் பார். நான் நன்றி சொல்லவில்லை. என்னிடமிருந்து எடுத்ததை எனக்கே தானம் பண்ணுகிறான். ஆனால் சாவியை எடுத்துக்கொண்டேன். எடுக்காமல்?

ஜூலை 16, புதன்

அவன் காலுக்காகப் பின்னால் தள்ளிய சீட்டை இழுத்து முன்னால் போட்டேன். கண்ணாடியைத் திருப்பினேன். அதில் அவன் சீப்புப் பல் ஒன்று சிக்கியிருந்தது. வீசினேன்.

குளத்து இறக்கத்தில் இரண்டாவது கியரில் இறங்கினேன். ஓரத்தில் பழனாத்தாள், புதுக் கேனோடு. காரைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். நான் நிறுத்திக் கையைக் காட்டினேன். தாண்டவில்லை. குனிந்து உள்ளே பார்த்தார். அந்தப் பக்கத்து சீட்டைத்தான்.

"இன்னைக்குப் பக்கத்துல ஆரும் இல்லீங்களா அம்மணி?"

"இல்லீங்க ஆத்தா. நான்தான் ஓட்டறேன்."

"அப்பச் செரி" என்று கேனைத் தூக்கிக்கொண்டு என் வண்டிக்கு முன்னால் நிதானமாக நடந்து போனார்.