மஞ்சள் ஒட்டிய கையுறை

அக்கா,

இன்று காலை கிளினிக்கில் ஊசி போடுமுன் தாதி என் கையைப் பஞ்சால் துடைத்தாள். அந்த ஸ்பிரிட் வாடை மூக்கில் ஏறியதும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். ஊசிக்குப் பயமா என்று கேட்டாள். ஊசிக்கா பயம்! அன்று ஃபேக்டரியில் உன் கழுத்தைத் துடைத்த வாடை அல்லவா அது. நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது, அது மட்டும் என்னை விட்டுப் போகவில்லை.

புக்கிட் பெலண்டோக் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து நாம் இருவரும் ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போன காலம். கம்ப்யூட்டர் ஹார்ட் டிஸ்க் தட்டில் பதிந்திருப்பதைப் படிக்கிற குட்டித் தலைகளைச் செய்யும் ஃபேக்டரி. பழைய தலைகள் போதவில்லை என்று புது லைன் போட்டார்கள். காந்த உலோகம், செம்பு, மறுபடி காந்த உலோகம் என்று கண்ணுக்கே தெரியாத மெல்லிசில் அடுக்கடுக்காகப் படலம். எலக்ட்ரான் பம்பரம் மாதிரி சுழலுமாம். இரண்டு காந்தப் படலமும் ஒரே பக்கம் பார்த்திருந்தால் சுலபமாகக் கடக்குமாம், எதிரெதிரே பார்த்திருந்தால் திணறுமாம். எஞ்சினியர் மலாயில் இதைச் சொல்லி முடித்ததும் நீ என் காதில், "நம்ம கேட்டு ஜாகா மாதிரி லா. மூஞ்சி பாத்துத்தான் உள்ள விடுவான்" என்றாய். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு! ஆனால் அன்று அங்கே இருந்தவர்களில் விஷயத்தைப் பிடித்துக்கொண்டவள் நீதான். நடுங்காத கை என்று புது லைனுக்கு உன்னை எடுத்தார்கள். மறுபடி பால்மரம் வெட்டப் போகாமலிருக்க உனக்கு இருந்த ஒரே வழி அது.

பிறகு வெள்ளிக்கிழமைகளில் மட்டும் சில்லுகளில் மஞ்சள் புள்ளி விழ ஆரம்பித்தது. எங்கிருந்து வந்தது என்று நமக்குத் தெரியாதா? வெள்ளிதோறும் தாலிக்கயிற்றுக்குப் புது மஞ்சள் பூசுவாய். வேலை தொடங்குமுன் அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அதே விரல்களோடு கையுறை மாட்டுவாய். வேலை நல்லபடியாக நடக்கட்டும் என்று செய்தது வேலையைக் கெடுத்தது. தூசு ஆகாது என்பது நியாயம்தான், நீயே ஒத்துக்கொண்டாய். ஆனால் அந்த சூப்பர்வைசர்! எல்லார் முன்னாலும் உன்னை நிறுத்தி, இடுக்கியால் கயிற்றை வெளியே இழுத்து, ஸ்பிரிட் துணியால் கழுத்தைத் தேய்த்தாள். கோத்தோர், கோத்தோர், அழுக்கு என்று முனகிக்கொண்டே தேய்த்தாள். சீ! செத்த எலியைத் தூக்குகிறவள்கூட இன்னும் மரியாதையாகத் தூக்குவாள். நீ அவள் கையைத் தள்ளிவிட்டு, நீயே கழற்றி லாக்கரில் வைத்துவிட்டு வேலைக்கு உட்கார்ந்தாய்.

சாயந்தரம் மறுபடி கட்டிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனாய். ஆனால் பஸ்ஸில் வந்தவள் ஒருத்தி நீ தாலியைக் கழற்றியதை லயம் முழுக்க ஊதிவிட்டாள். உன் மாமியார் உன் கையால் தண்ணீர் வாங்கமாட்டேன் என்றார். உன் சம்பளத்தில் சம்சு குடித்துக்கொண்டிருந்த உன் புருஷன் மறுநாள் ஃபேக்டரி கேட்டுக்கே வந்து நின்று, "எவனுக்காகடி கழட்டுன?" என்று கத்தினான். அவ்வளவுதான், தொல்லை வேண்டாம் என்று உன்னை நிறுத்திவிட்டார்கள். ஒரு பக்கம் கழற்று என்றவர்கள், இன்னொரு பக்கம் ஏன் கழற்றினாய் என்றவர்கள். இரண்டு கூட்டத்தையும் நினைத்தால் இன்றும் எச்சில் ஊறுகிறது, துப்பத்தான்.

கடைசியாக பஸ்ஸில் வரும்போது நீ அழவில்லை. "எல்லாரும் என் கழுத்தத்தான் பாத்தாங்க. என் கைய ஒருத்தனும் பாக்கல" என்றாய்.

அந்தக் கை பிறகு பால் வாளிதான் தூக்கியது. நோய் கண்டு நீ போனபோது உனக்கு அப்பி அப்பி மஞ்சள் பூசினார்கள். சுமங்கலியாய்ப் போய்விட்டாள், கொடுத்துவைத்தவள் என்று உன் மாமியாரே சொன்னார். உன் புருஷன் மார்பில் அடித்துக்கொண்டு அழுதான். நான் எழுந்து பின்பக்கம் போய் வாந்தி எடுத்துவிட்டு வந்தேன்.

இப்போது நீலாய் ஃபேக்டரியில் புதுப் பெண்களுக்கு நான்தான் பயிற்சி கொடுக்கிறேன். கழுத்தில் எதுவும் ஆகாது என்ற விதியை நானும் சொல்கிறேன், சொல்லித்தான் ஆகவேண்டும். ஆனால் முதலில் அவர்கள் கைகளை நீட்டச் சொல்லி, ஒவ்வொருத்தியின் கையையும் நிதானமாகப் பார்க்கிறேன். உடை மாற்றும் அறைக்குள் போய் அவர்களே கழற்றட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு, யாரும் நுழையாதபடி வெளியே நிற்கிறேன்.