கிரேஸும் வேண்டாம் என்றாள்

சேசு மரி சூசை

வில்லியனூர்
9-5-1973

அன்புள்ள கிரேஸுக்கு,

கண்ணையனை நான் திருடன் என்று சொன்னதாக ஊரில் பேசிக்கொள்கிறார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. மாதா திருவிழாக் கொடி இறங்கிய அன்று கோயில் வாசலில் காசம்மாளிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: கன்னியர் மடத்தில் படித்து பிரெஞ்சு ப்ரெவே பரீட்சை தேறிய ஒருத்தி, தன் வருமானத்தைத் தானே எழுதாமல் இன்னொருவருக்குக் கூலி கொடுத்து எழுத வைப்பது வெட்கக்கேடு. வெட்கம் என்னுடையது. அவரைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் கிடையாது. இந்தப் பேச்சு பாகூர் வரை வந்திருந்தால், கேட்டவர்களிடம் நீ திருத்திச் சொல்.

பிரெஞ்சுக்காரர்கள் போய் இந்திய வருமான வரி நமக்கும் வந்த நாள் முதல் கண்ணையன்தான் நம் இருவருக்கும் வரிப் படிவம் எழுதி வந்தார். பத்திரம் எழுதும் நொத்தேர் ஆபீஸில் எழுத்தராக இருந்தவர் என்பதால் உன் அண்ணன் அவரை வைத்தார். உன் அண்ணன் போன பிறகும் நான் மாற்றவில்லை. ஆனால் மரியசுந்தரம் என்ற பெயரை இத்தனை வருடத்தில் ஒரு முறைகூட அவர் ஒரே மாதிரி எழுதியதில்லை. படிவத்தின் மேல் மூக்குப்பொடி சிந்தும். என் வீட்டில் அரை மணி நேரம் உட்காருவதற்குள் முள்மேல் இருப்பதுபோல் நெளிவார். காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார். இதற்கு ஒரு கூலி.

படிவத்தையும் அதற்கான விளக்கப் புத்தகத்தையும் வாங்கி வந்து படித்தேன். மடத்து ஞானோபதேசப் பாடத்தைவிடக் கஷ்டமாக ஒன்றும் இல்லை. இந்த வருடம் முதல் உன்னுடையதையும் என்னுடையதையும் நானே எழுதுகிறேன். தவளக்குப்பம் பஸ் நிற்கும் இடத்தில் அவரைப் பார்த்தபோது, இனி வில்லியனூருக்கும் பாகூருக்கும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீ எதுவும் சொல்லத் தேவையில்லை.

உன் வீட்டுக்காரர் இக்னேஷியஸின் பிரெஞ்சுப் பட்டாளத்து சொல்தா பென்ஷன் சீட்டு, வங்கி வட்டிச் சீட்டு, கடை வாடகை ரசீது மூன்றையும் சுப்பராயலு சந்தைக்கு வரும்போது கொடுத்தனுப்பு. கசங்காமல்.

உன் அன்புள்ள அண்ணி,
எலிசா மரியசுந்தரம்


பாகூர்
20-5-1973

அன்பும் மரியாதையும் நிறைந்த அண்ணிக்கு,

இங்கே அனைவரும் சுகம். அனைவரும் என்றால் நான், கலியம்மாள், பசு, கோழிகள். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? எழுதவே இல்லையே.

நீங்கள் கேட்ட சீட்டுகளைப் பைபிளுக்குள் வைத்துச் சுப்பராயலுவிடம் கொடுத்திருக்கிறேன். கசங்கியிருக்காது. பைபிளைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

வீட்டு வேலைக்கு வரும் கலியம்மாள் நேற்றுக் கேட்டாள்: “இன்னாமா, கணக்கய்யா இந்த வருசம் வரலியா? மாவு இடிச்சி வச்சிருக்கேனே, கொழுக்கட்டைய யாரு துன்றது?”

“நாமதான் தின்னணும்” என்றேன்.

“நமக்கு இன்னாத்துக்குமா கொழுக்கட்ட. நம்மள வந்து யாரு கேள்வி கேக்கப் போறாங்க” என்றாள்.

அவள் சொன்னது சரி. கண்ணையன் படிவத்தை எழுதி மூடி வைத்த பிறகும் கேட்டுக்கொண்டேதான் இருப்பார். கூரை மாற்றினீர்களா, கிணறு தூர் வாரினீர்களா, பசு இது எத்தனையாவது ஈற்று, போன வருடம் இருமிக்கொண்டிருந்தீர்களே, அது நின்றதா. இதில் எதற்கும் வரி கிடையாது என்று அவருக்கும் தெரியும். பதில் சொல்லி முடிப்பதற்குள் சாயங்கால பஸ் வந்துவிடும்.

நீங்கள் எழுதினால் பிழை இல்லாமல்தான் இருக்கும். நீங்கள் தீர்மானித்துவிட்டீர்கள் என்றால் நான் சொல்ல ஒன்றும் இல்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவரிடம் கொஞ்சம் பதமாகச் சொன்னீர்களா?

என்றும் அன்பு மறவாத நாத்தனார்,
கிரேஸ் மேரி


வில்லியனூர்
2-7-1973

அன்புள்ள கிரேஸுக்கு,

இரண்டு படிவங்களையும் புதுச்சேரிக்கு நானே எடுத்துப்போய்க் கொடுத்து, முத்திரை வாங்கி வந்தேன். உன் ரசீதைப் பைபிளில் வைத்திருக்கிறேன். படிவங்களை வாங்கிக்கொண்ட பையன், “கையெழுத்து அச்சு மாதிரி கீதுமா” என்றான். நம் மடத்து மதர் உயிரோடு இருந்து இதைக் கேட்டிருக்க வேண்டும். அவர்களுடைய பிரம்பு வீண்போகவில்லை.

கண்ணையனிடம் சொல்ல வேண்டிய விதத்தில்தான் சொன்னேன். வரி எழுத வந்தவருக்குக் கொழுக்கட்டை எதற்கு? என் வீட்டில் அவர் குடிக்கத் தண்ணீர்கூடக் கேட்டது கிடையாது. மிச்சமான கூலியில் நீ மூக்குக்கண்ணாடியை மாற்று. உன் எழுத்து வரி விட்டு வரி ஏறுகிறது.

முழங்கால் வலி இருக்கிறது. அதை எழுதி என்ன ஆகப்போகிறது.

உன் அன்புள்ள அண்ணி,
எலிசா மரியசுந்தரம்


பாகூர்
18-2-1974

அண்ணிக்கு,

போன மாதம் வரி ஆபீஸிலிருந்து எனக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. உங்களுக்கு இரத்தக் கொதிப்பு என்பதால் தெரிவிக்கவில்லை. நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். நேற்று முன்தினம் தனியாகப் போய் வந்தேன். காரியம் முடிந்துவிட்டது. பயப்பட வேண்டாம்.

அதிகாரி வயதில் சின்னவர். படிவத்தை வைத்துக்கொண்டு, “ஏம்மா, வட்டி ஏழாயிரத்து எழுநூத்தி எழுபதுன்னு காட்டியிருக்கீங்க. இவ்ளோ வட்டி வர்றதுக்கு முதல் எங்க போட்டு வச்சிருக்கீங்க?” என்றார்.

“அவ்ளோ முதல் இருந்தா பாகூர் பஸ்ஸுல நின்னுகிட்டு வருவேனா ஐயா” என்றேன்.

படிவத்தைத் திருப்பிக் காட்டினார். நீங்கள் எழுதியிருந்தது ஆயிரத்து நூற்றுப் பத்து. மதர் நமக்குச் சொல்லிக்கொடுத்த ஒன்று, அண்ணி. கீழேயிருந்து ஒரு கோடு மேலே ஏறி, பிறகு இறங்குமே, அந்த ஒன்று. இங்கே அதை யாரும் ஒன்றாகப் படிப்பதில்லை. மூன்று ஒன்றும் மூன்று ஏழாகிவிட்டன. நம் ஏழுக்குக் குறுக்கே கோடு இருக்கும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

“இது யாரு எழுதுனது?” என்று கேட்டார். நான்தான் என்றேன். ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து ஒன்று எழுதிக் காட்டச் சொன்னார். என் கையும் அதே ஒன்றைத்தான் எழுதியது. ஒரே பள்ளிக்கூடம் அல்லவா. அவர் சிரித்துவிட்டார். வங்கியில் புதிதாக வாங்கிப் போயிருந்த வட்டிச் சீட்டையும் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். உங்கள் படிவத்தில் ஒன்று வரவே இல்லை போலிருக்கிறது. நல்லதாகப் போயிற்று.

இதை எழுத நான் உட்காரவில்லை.

வெளியே வரும்போது தாழ்வாரத்தில் கண்ணையன் ஒரு முக்காலி போட்டு யாருக்கோ மனு எழுதிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, முக்காலியைத் துண்டால் தட்டிப் போட்டு, உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. பிறகு அவர் மெதுவாகச் சொன்னார்: “வேணாம்னு சொன்னது தப்பில்லமா. அது உங்க இஷ்டம். ஆனா எங்கிட்டயே சொல்லியிருக்கலாம். வில்லியனூரம்மா கையில சொல்லி அனுப்புனீங்களே, அதான் மனசுக்கு ஒரு மாதிரியா ஆயிடுச்சி.”

“நான் இன்னா சொல்லி அனுப்புனேன்?”

“கிரேஸும் வேண்டாம்னுட்டான்னு சொன்னாங்க. நான் வந்து வூட்டுல அவ்ளோ நேரம் குந்தியிருக்கறது உங்களுக்குத் தொந்தரவா இருக்குதுன்னாங்க. தெரியாம பூட்டுதுமா. சொல்லியிருந்தா சீக்கிரமே எழுந்து போயிருப்பேன்.”

 நான் அப்படிச் சொல்லவில்லை என்றால் நீங்கள் பொய்யாவீர்கள். ஆமாம் என்றால் நான் பொய்யாவேன். மனு எழுத வந்த மனிதர் வேறு எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லாமல் வந்து பஸ் ஏறினேன். நான் அப்படிப் போனதே அவருக்குப் பதிலாகப் பட்டிருக்கும்.

எனக்கும் கூட்டல் கழித்தல் வரும், அண்ணி. முதல் வருடத்திலிருந்தே என் படிவத்தை நானே எழுதியிருக்க முடியும். அவர் எழுதுவதற்காக நான் கூலி கொடுக்கவில்லை, வருவதற்காகக் கொடுத்தேன். என் வீட்டுக்காரர் போன பிறகு இந்த வீட்டில் வந்து உட்கார்ந்து, இந்த வருடம் உங்களுக்கு எப்படிப் போயிற்று என்று என்னைக் கேட்டவர் அவர் ஒருவர்தான். நீங்கள் வரும்போது நீங்கள் சொல்வீர்கள், நான் கேட்பேன்.

அவர் வருவது தொந்தரவு என்று எப்போதாவது உங்களிடம் சொன்னேனா என்று வழியெல்லாம் யோசித்துப் பார்த்தேன். சொல்லவில்லை.

கிரேஸ் மேரி


வில்லியனூர்
26-2-1974

அன்புள்ள கிரேஸுக்கு,

நோட்டீஸ் வந்ததை முதலில் எனக்கு எழுதியிருக்க வேண்டும். நான் வந்து அந்த அதிகாரிக்கு ஒன்றும் ஏழும் சொல்லிக்கொடுத்திருப்பேன்.

கண்ணையன் சொன்னதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. அவருக்குக் காது மந்தம். பஸ் இரைச்சலில் நான் ஒன்று சொல்ல, அவர் ஒன்று கேட்டிருப்பார். மேலும் தனியாக இருக்கும் ஒருத்தி வீட்டில் ஓர் ஆண் பிள்ளை பொழுது சாயும் வரை உட்கார்ந்திருந்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். உன் நன்மைக்குத்தான் எதுவும்.

தவக்காலம் தொடங்கப்போகிறது. உடம்பைப் பார்த்துக்கொள். ஒரு சந்தி இருக்கிறேன் என்று பட்டினி கிடக்காதே.

உன் அன்புள்ள அண்ணி,
எலிசா மரியசுந்தரம்


வில்லியனூர்
22-4-1974

அன்புள்ள கிரேஸுக்கு,

என் போன கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. பாஸ்குத் திருநாளுக்கும் ஒரு வரி வரவில்லை. அதற்கு முந்தைய உன் கடிதத்தின் அடியில் வெறும் பெயர் மட்டும் இருந்ததை நான் கவனிக்காமல் இல்லை.

போன கடிதத்தில் நான் எழுதியதைத் திருத்துகிறேன். கண்ணையனுக்குக் காது நன்றாகக் கேட்கும். பஸ் எதுவும் வரவில்லை. “கிரேஸும் வேண்டாம் என்றாள்” என்று நான் சொன்னேன். தொந்தரவு என்ற வார்த்தையையும் நான்தான் சொன்னேன். நாலு பேர் பேசுவார்கள் என்று எழுதினேனே, பாகூரில் அப்படி ஒருவரும் பேசியதாக நான் கேட்டதில்லை.

பாஸ்குவுக்கு முன் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னேன். சாமியார் அதற்குப் பரிகாரமாக மூன்று அருள் நிறைந்த மந்திரம் சொல்லச் சொன்னார். கோயிலை விட்டு இறங்குவதற்குள் சொல்லி முடித்துவிட்டேன். அது சர்வேசுரனோடு சரி. உன்னிடம் சொல்லும்வரை எனக்கு உணவு இறங்காது போலிருக்கிறது.

ஏன் சொன்னேன் என்று நீ கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் எழுதுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன் அவர் என் வீட்டில் வேலை முடிந்து எழுந்தபோது, காப்பியை முழுசாகக் குடித்துவிட்டுப் போகலாமே என்றேன். “பாகூருக்குப் போகணும்மா, அங்க கொழுக்கட்ட செஞ்சி வச்சிருப்பாங்க” என்றார். அவர் முகம் அப்போது எப்படி இருந்தது என்று எனக்கு நினைவிருக்கிறது. என் வீட்டில் அவரை அப்படி நான் பார்த்ததில்லை. அவ்வளவுதான் காரணம். நம் மதர் இதற்கு வைத்திருந்த பெயர் உனக்கும் தெரியும். ஏழு தலையான பாவங்களை நாம் ஒன்றாகத்தான் மனப்பாடம் செய்தோம்.

சனிக்கிழமை தவளக்குப்பத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். அவருடைய அக்காள் செங்கமலம்தான் கதவைத் திறந்தாள். “இன்னும் எந்த வூட்டுக்குப் போவக் கூடாதுன்னு சொல்ல வந்திருக்கீங்க?” என்று கேட்டாள். வாசலில் வைத்து. நான் வாங்கிக்கொண்டேன். அவர் வந்து அக்காளை அதட்டிவிட்டு, என்னை உள்ளே உட்கார வைத்தார். கிரேஸ் எதுவும் சொல்லவில்லை, சொன்னது முழுக்க நான் என்று அவரிடம் சொன்னேன். செங்கமலமும் கேட்கும்படி சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. மூக்குப்பொடியை எடுத்தவர் போடாமலே வைத்துக்கொண்டிருந்தார். காப்பி கொடுத்தார்கள். முழுவதும் குடித்தேன். பிறகு, “உங்களுக்கு இந்த வருசம் எப்படிமா போச்சு?” என்று கேட்டார். “நன்றாகப் போயிற்று” என்று சொல்லி எழுந்துவிட்டேன். திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் நினைவு வந்தது, கிரேஸ். ஒவ்வொரு வருடமும் என் வீட்டிலும் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார். ஒவ்வொரு வருடமும் நான் இதே பதிலைச் சொல்லி, பேனாவை எடுத்து அவர் முன்னால் வைத்திருக்கிறேன்.

நான் கிளம்பும்போது, மே மாதம் பாகூருக்குப் போய் வாருங்கள் என்றேன். “போன தடவையும் நீங்கதான்மா வந்து சொன்னீங்க. இந்தத் தடவ அவங்க கையால ஒரு வரி வரட்டும்” என்றார். அவர் சொன்னது நியாயம்.

என் படிவத்தை நானேதான் எழுதுவேன். அதில் மாற்றம் இல்லை. ஒன்றை நேர்கோடாக எழுதப் பழகிக்கொண்டிருக்கிறேன். கை கேட்கமாட்டேன் என்கிறது. உன் படிவத்தை நீ எழுதுவாயோ, அவர் எழுதுவாரோ, அது உன் விருப்பம். சீட்டுகள், ரசீது, பைபிள் எல்லாவற்றையும் சுப்பராயலுவிடம் கொடுத்திருக்கிறேன். பைபிளை இத்தனை நாள் வைத்திருந்ததும் தவறுதான்.

உன்னிடம் இரண்டு கேள்விகள். அவர் வரலாமா? இதற்கு நேராக அவருக்கே எழுது. கண்ணையன், பெருமாள் கோயில் தெரு, தவளக்குப்பம் என்று போட்டால் போதும். என் வழியாகச் சொல்லி அனுப்பாதே. இன்னொன்று, இனி நான் உன் வீட்டுக்கு வரலாமா, வந்தால் கேட்டுக்கொண்டு உட்கார என்னை விடுவாயா? ஆம் என்றாலும் இல்லை என்றாலும் சுப்பராயலுவிடம் வாய்ச்சொல்லாக வேண்டாம். எழுதிப் பதில் அனுப்பு.

எலிசா