இரண்டு பேருக்கு வைத்த விளக்கு

அன்புள்ள கென்ஸாகு அவர்களுக்கு,

சிஸுரு எழுதுவது. இங்கே மலைச்சரிவில் பனி உருகி, பாதாமி மரங்கள் பூத்துவிட்டன. குஷிரோவில் நீங்கள் இன்னும் கம்பளிக்குள்தான் இருப்பீர்கள். இருமல் நின்றதா? தொழிற்சாலைச் சாப்பாட்டில் உப்பு குறைந்ததா? முறைப்படி பருவத்தையும் உடம்பையும் விசாரித்துவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன், இல்லாவிட்டால் எனக்கு வயிறு வெடித்துவிடும்.

வண்டி தேறிவிட்டது.

இந்தத் தடவை அரசுப் பரிசோதனையில் தேறாவிட்டால் பதிவை நீக்கி, பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று புத்தாண்டன்று தொலைபேசியில் சொன்னீர்கள். நானும் சரி என்றேன். எழுபத்து நான்காம் வருஷத்து மோட்டார் சைக்கிள், அதுவும் ஒருமுறை விழுந்த வண்டி, எங்கே தேறப்போகிறது என்ற தைரியத்தில்தானே சொன்னீர்கள்? உங்களை எனக்குத் தெரியாதா? இப்போது எண் பலகையில் புது வில்லை ஒட்டியிருக்கிறது. இன்னும் இரண்டு வருஷத்துக்கு யாரும் வாய் திறக்க முடியாது.

உங்கள் தங்கை மிட்சுயே இல்லாவிட்டால் நடந்திருக்காது. கூட்டுறவுப் பட்டறையில் நாற்று நடும் எந்திரங்களைப் பிரித்து மேய்கிறவளுக்கு நம் வண்டியின் முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் எம்மாத்திரம்! ஆனாலும் பிரித்தது நான்தான். வெளியே இடுப்பளவு பனி கிடந்ததால் வண்டியை வீட்டு வாசலுக்குள், செருப்பு விடும் இடத்தில் ஏற்றிவிட்டேன். மிட்சுயே வந்து பார்த்துவிட்டு, “என்ன அண்ணி, செருப்பு விடற எடத்துல சக்கரத்தக் கழட்டிப் போட்டிருக்கீங்க? அண்ணன் பாத்தா மயக்கம் போட்டு விழுந்துடுவாரு” என்றாள். “வந்து விழட்டும். வந்தாப் போதும்” என்றேன்.

குளிரில் புது ஆயில் கூழாகிவிட்டது. டப்பாவைத் தூக்கி, அடியில் கணப்பு வைத்த மேசையின் போர்வைக்குள் வைத்துவிட்டு, நாங்களும் உள்ளே கால் நீட்டி ஆரஞ்சு தின்றபடி காத்திருந்தோம். எதிர் வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்து, “சாக்கே மதுவைச் சூடு பண்றீங்களா?” என்று ஆசையாகக் கேட்டாள். மிட்சுயே சற்றும் சிரிக்காமல், “ஆமாம்மா, வண்டிக்கு” என்றாள். தெரு முழுக்க இப்போது அதுதான் பேச்சு.

அடுத்தது நீங்கள் நிதானமாகப் படிக்க வேண்டிய இடம். இந்தக் கடிதத்தோடு வரும் பொட்டலத்தில் நொஸவானா ஊறுகாய்க்குக் கீழே, செய்தித்தாளில் சுற்றி, ஒரு பழைய ஸ்பிரிங் இருக்கிறது. நம் ஃபோர்க்கின் வலப்பக்கக் குழாயிலிருந்து எடுத்தது. புதிதாய் வாங்கியதன் அருகில் அதை நிறுத்திப் பார்த்தேன். கட்டைவிரல் அகலத்துக்குக் குட்டையாகிவிட்டிருந்தது. உள்ளே இருந்த ஆயிலைச் சொல்லவே வேண்டாம், பாத்திரம் கழுவிய தண்ணீர் தோற்றது. குழாயின் மேல் கோடியில் உலோகத்தோடு உலோகம் மோதிய வடுவும் இருந்தது. மிட்சுயே விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “பிரேக்கப் புடிச்சதும் மொத்தமா அமுங்கிடுச்சு அண்ணி. அதுக்கப்புறம் யாரு ஓட்டியிருந்தாலும் சக்கரம் துள்ளித்தான் இருக்கும். இதுல அண்ணன் என்ன பண்ண முடியும்?” என்றாள்.

எனக்கு அழுகை வந்தது. கை முழுக்க எண்ணெய், கண்ணைத் துடைக்கக்கூட முடியவில்லை.

புது ஸ்பிரிங் கெட்டியானது. அதன் மேல் ஒரு சின்ன வால்வும் வைத்திருக்கிறோம். ஆயிலை அளந்து விடும் வாயிற்காவலன் என்று வைத்துக்கொள்ளுங்கள். குழாய்கள் வளையவில்லை, பட்டறையில் உருட்டிப் பார்த்தாயிற்று. வெளித்தோற்றத்தில் எந்த மாற்றமும் இல்லை, நீங்கள் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கிய அதே முகம்தான்.

பரிசோதனையன்று நடந்த கூத்தைக் கேளுங்கள். பரிசோதனை நிலையத்துக்குப் பக்கத்தில், உள்ளே போகுமுன் விளக்கைச் சரிபார்த்துத் தரும் கொட்டகை ஒன்று இருக்கிறது. அதை நடத்தும் ஓதாகே என்பவரை நீங்கள் பார்த்ததில்லை. உங்களையும் என்னையும் ஒரே தராசில் ஏற்றினால் வரும் எடை அவர் ஒருவருக்கே உண்டு. “குளிர்ல எதுக்கும்மா நிக்கறீங்க, அடுப்புப் பக்கமா உக்காந்து டீ குடிங்க. நான் ஏறி உக்காந்து பாத்துத் தரேன்” என்றார். வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னேன். மூன்றாம் முறையும் மறுத்தால் மரியாதையா? போய் உட்கார்ந்துவிட்டேன். டீ நன்றாகத்தான் இருந்தது.

உள்ளே பிரேக்குக்குத் தேறியதற்கான வட்டம் விழுந்தது, ஹாரனுக்கு வட்டம். விளக்குக்கு மட்டும் பலகையில் சிவப்பாகப் பெருக்கல் குறி. “வெளிச்சம் கீழ விழுதுங்க. சரி பண்ணிட்டு வாங்க, இன்னிக்கே மறுபடியும் பாக்கலாம்” என்றார் பரிசோதகர். அவர் நல்லபடியாகத்தான் சொன்னார், என் காதில்தான் பழைய இரும்புக் கடைக்காரரின் குரல் கேட்டது. வண்டியைத் தள்ளிக்கொண்டு கொட்டகைக்குத் திரும்பினேன். நானே பிரித்து, நானே பூட்டி, நானே கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

கொட்டகையில் ஓதாகே மறுபடி ஏறி உட்கார்ந்தார். வெளிச்சம் அளவுக்கோட்டில் அச்சாக நின்றது. அவருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குச் சட்டென்று புரிந்தது. “நீங்க எறங்குங்க” என்றேன். நான் ஏறி உட்கார்ந்தேன், வெளிச்சம் இறங்கிவிட்டது. “ஐயையோ, என் உடம்புக்கு வெச்சுக் குடுத்துட்டேனே!” என்று அவர் குனிந்த குனியில் நெற்றி கைப்பிடியில் இடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு சொன்னதுதான் முக்கியம். “நான் உக்காந்தா இந்தக் காலத்து வண்டியெல்லாம் முன்னும் பின்னும் சேர்ந்து அமுங்கும்மா, வெளிச்சம் மாறவே மாறாது. உங்க வண்டி பின்னாடி மட்டும் எறங்கி வெளிச்சத்த மேல தூக்குது, முன்னாடி அசையாம நிக்குதே! யாரு வேலை?” நான்தான் என்றேன். முப்பது வருஷம் முன்பு உங்களைக் கல்யாணம் செய்துகொண்ட அன்றுகூட அவ்வளவு நிமிர்ந்து நிற்கவில்லை.

என்னை உட்கார வைத்துத் திருகைச் சரிசெய்தார். மறுபடி உள்ளே போனேன். வட்டம்.

வருகிற வழியில் பழைய கணவாய்ச் சாலையில் திரும்பினேன். கோபிக்காதீர்கள், மிட்சுயே சிறு லாரியில் பின்னாலேயே வந்தாள். அதே இறக்கம், அதே வளைவு, அதே இடத்தில் பிரேக்கைப் பிடித்தேன். முன்பக்கம் அளவாக இறங்கி அப்படியே நின்றது. அன்று போல மண்டியிடவில்லை. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, அந்தத் தடுப்புச் சுவரை வெகுநேரம் பார்த்தேன். நாம் விழுந்த கீறல் இன்னும் இருக்கிறது.

அன்று உங்கள் கை தவறவில்லை. என் தோள் எலும்பு உடைந்தது உங்களால் அல்ல. இதை நான் வாயால் பலமுறை சொல்லியும் நீங்கள் நம்பவில்லை. அதனால்தான் அந்தக் குளிரான ஊருக்கு வேலை கேட்டுப் போனீர்கள். இப்போது ஸ்பிரிங்கைக் கையில் வைத்து அழுத்திப் பாருங்கள், அது சொல்லும். எனக்குத் தோள் நன்றாக ஒட்டிவிட்டது, அரிசி மூட்டையைத் தனியாகத் தூக்குகிறேன்.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் விளக்குத் திருகைப் பழையபடி ஓதாகே வைத்த இடத்துக்கே திருப்பிவிட்டேன். இப்போது நான் தனியாகப் போனால் வெளிச்சம் குட்டையாக விழுகிறது. அதனால் இருட்டுமுன் வீடு திரும்பிவிடுகிறேன். இரண்டு பேர் உட்கார்ந்தால் சரியாக எட்டும். யார் முன்னால், யார் பின்னால் என்பதை மே விடுமுறைக்கு நீங்கள் வந்ததும் பேசிக்கொள்ளலாம்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். இளைத்துவிடாதீர்கள், விளக்கு தப்பிவிடும்.

உங்கள்,
சிஸுரு