எனக்கென்ன கேடு என்றாயே, அக்கா

கோபமும் பாசமும் சரிபாதியாக, என் அக்கா பாவாயிக்கு,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. உன் வீட்டுக்காரர் நலம். அதாவது, பக்கவாதத்தில் விழுந்து ஆறு வருஷமாகப் படுத்திருக்கிற மனிதர் எந்த அளவுக்கு நலமாக இருக்க முடியுமோ அந்த அளவுக்கு. காலையில் புரட்டிப் படுக்கவைத்து, முதுகைத் துடைத்து, பவுடர் போட்டு, இட்லியைப் பிசைந்து ஊட்டுவது இப்போது நான்தான். உன் மகன் போர்வெல் போடும் ரிக் வண்டியோடு ராஜஸ்தானில் கிடக்கிறான். தம்பிக்காரனுக்குப் பெண்டாட்டியும் போய்ச் சேர்ந்துவிட்டாள், பண்ணை வேலையிலிருந்தும் நின்றாயிற்று, இவன் சும்மாதானே இருக்கிறான் என்று எல்லோரும் சேர்ந்து என்னை எருமப்பட்டிக்கு அனுப்பிவிட்டார்கள்.

எனக்கு அறுபத்தாறு வயது என்பது யாருக்கும் நினைவில்லை. உனக்கு எழுபது ஆகியிருந்தது எனக்கு நினைவிருந்ததா?

உன்னைப் பார்க்க வரும்போதெல்லாம் நான் என்ன சொன்னேன்? "ஏக்கா, எப்பப் பார்த்தாலும் மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டே இருக்கறே? மனுசன் படுத்துக் கெடக்கறாரு, நீயாச்சும் சிரிச்ச மொகமா இருக்கோணுமல்ல?" நீ அடுப்பைப் பார்த்தபடி, "எனக்கென்ன கேடு, நல்லாத்தான் இருக்கறேன்" என்பாய். நானும் நம்பிவிட்டுப் பஸ் ஏறிவிடுவேன். நம்பினேனா, நம்புவது வசதியாக இருந்ததா?

முப்பது வருஷம் முட்டைக்கோழிப் பண்ணையில் சூப்பர்வைசராக இருந்தவன் நான். ஷெட்டுக்குள் நுழைந்தால் எந்தக் கூண்டின் முன்னால் தீனி அப்படியே கிடக்கிறது என்று கண் தானாகப் போகும். அன்றைக்கே கால்நடை டாக்டருக்குப் போன் பறக்கும். நீ எத்தனை மாதமாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்பது, குழாயடியில் மயங்கி விழுந்த உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகுதான் தெரிந்தது. உடம்பில் ரத்தமே இல்லை என்றார் டாக்டர். மூன்றாம் நாள் உன் உடலைத்தான் வீட்டுக்கு எடுத்துவந்தோம். கோழியைக் கவனித்தவனுக்குக் கூடப் பிறந்தவளைக் கவனிக்கத் தெரியவில்லை. இதை எங்கே போய்ச் சொல்வேன்?

உன் மேலும் கோபம்தான். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? இந்தச் சொந்தக்காரர்கள் மேல் அதைவிடக் கோபம். நலம் விசாரிக்க வருகிறார்கள். ஹார்லிக்ஸையும் ஆரஞ்சுப் பையையும் என் கையில் திணித்துவிட்டு நேரே கட்டிலுக்குப் போய், "எப்படி இருக்கறீங்க?" என்று அவரைக் கேட்கிறார்கள். பிறகு என் பக்கம் திரும்பி, டீ எல்லாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறார்கள். வேண்டாம் என்றால் போட வேண்டும் என்று அர்த்தம். டம்ளர்களைக் கழுவிவைத்துவிட்டு வந்தால், "உங்கக்கா தெய்வமுங்க, மொகஞ் சுளிக்காமப் பாத்தாங்க" என்று உன் புராணம். அந்தத் தெய்வம் சாப்பிட்டதா, தூங்கியதா என்று ஒருத்தராவது கேட்டார்களா?

எனக்கும் இப்போது சோறு இறங்கவில்லை, அக்கா. விடிந்தால் ஏன்தான் விடிந்ததோ என்று இருக்கிறது. துணி காயப்போடும்போது காரணமே இல்லாமல் அழுகை வருகிறது.

போன வாரம் மாமாவுக்கு பி.பி. பார்க்க வந்த நர்ஸ் பெண், கருவியைச் சுருட்டிக்கொண்டே என்னைப் பார்த்து, "நீங்க தூங்கறீங்களா? சாப்படறீங்களா?" என்று கேட்டாள். "எனக்கென்ன கேடுங்க" என்றேன். சொன்ன பிறகுதான் அது உன் பேச்சு என்று உறைத்தது. அவள் விடவில்லை. "இதுவும் ஒரு சீக்குத்தானுங்க, மருந்திருக்குது. திங்கக்கெழம நாமக்கல் வாங்க, மனநல டாக்டரப் பாத்தறலாம்" என்றாள். மாமாவை யார் பார்ப்பது என்று தட்டிக்கழித்தேன்.

அவள் போனதும் மாமா நல்ல கையால் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். அவருக்கு ஒவ்வொரு சொல்லும் எவ்வளவு சிரமம் என்று உனக்குத் தெரியும்.

"அவளும்... அழுவா. சோத்த... நாய்க்குப் போட்டுருவா. எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் மாமா சொல்லுல?"

"அவ ஆஸ்பத்திரி போயிட்டா... என்னைய ஆரு பாக்கறது?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் கட்டிலோடு தூக்கி வாசலில் போட்டுவிடலாம் போலிருந்தது. அவர் அழுதார். அந்த மூக்கைத் துடைத்துவிட வேண்டியவனும் நான்தான். "நீ போ சாமி. போயிட்டு வா" என்றார்.

வெளியே வந்து உன் மகனுக்குப் போன் போட்டுக் கத்தினேன். "ஞாயித்துக்கெழமைக்குள்ள ஊடு வந்து சேருடா. என்னால முடியல. உங்கப்பன ஒரு வாரம் நீ பாரு." அவன் எதிர்த்து ஒரு சொல் பேசவில்லை. "சரிங்க மாமா, வாரேன். நீங்க யாருமே இத்தன நாளாச் சொல்லவே இல்லீங்களே" என்றான். ரயில் ஏறிவிட்டான்.

திங்கட்கிழமை நான் கட்டாயம் போகிறேன். டாக்டரிடம் எதையும் மறைக்க மாட்டேன். இது உன் மேல் சத்தியம். ஆனால் ஒரே ஒரு போன்தானே, அக்கா. நீ இருந்தவரை ஒரு நாளும் உனக்காக அதை நான் போடவில்லையே.

உன் கூடப் பிறந்தும் உன்னைக் கேட்காமல் விட்ட,
தம்பி