குழலுக்கும் கட்டைக்கும் நடுவே

வல்லம்படுகை
தாரண வருஷம், ஆனி 29

அன்புத் தம்பி அம்பலவாணனுக்கு, அக்கா ஜகதாம்பாள் ஆசீர்வதித்து எழுதுவது.

இங்கே எல்லோருக்கும் உடம்பு சுகம். யுத்த காலம் என்று நீ இருக்கும் ஊரின் பெயரைக்கூட எழுத விடமாட்டேன் என்கிறார்களாம். எந்த ஊரானாலும் பட்டாளத்துத் துப்பாக்கிப் பட்டறையில் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டிரு. இங்கே மண்ணெண்ணெய்க்கு அலைய வேண்டியிருக்கிறது. உனக்குப் பார்த்திருக்கும் கடலூர்ப் பெண் வீட்டார் போன வாரம் வந்து வீட்டைப் பார்த்துவிட்டுப் போனார்கள். பெண்ணின் தகப்பனார் உன்னைப் பற்றி விசாரித்ததைவிடக் கூடத்தில் மாட்டியிருந்த ரைபிளைப் பற்றி விசாரித்ததுதான் ஜாஸ்தி. ஆவணியில் நிச்சயம் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். லீவுக்கு இப்போதே சொல்லி வை.

அந்த ரைபிளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். உன் மாமாவுக்குத் தெரியாது. தெரிந்தால் இரண்டு நாள் என்னோடு பேசமாட்டார்.

பெண் வீட்டார் வருகிறார்கள் என்றதும் துப்பாக்கிக் கட்டையின் கீறலும் எண்ணெய்க் கறையும் அவர் கண்ணை உறுத்தின. சிதம்பரத்தில் சாமி வாகனங்களுக்குப் பூச்சு வேலை செய்கிற சிங்காரத்தைத் தெரியும் அல்லவா, அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். ஆனித் திருமஞ்சனத்துக்காகக் குதிரையும் யானையும் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்த கொட்டகையில் இதையும் வைத்து, கட்டையை இழைத்து, பூச்சுக்கு மேல் பூச்சாக வார்னிஷ் ஏற்றித் தந்தார். முகம் பார்த்துப் பொட்டு வைக்கலாம், அப்படி ஒரு பளபளப்பு.

இப்போது கொள்ளிடத்தில் தண்ணீர் வற்றி, நம் துறைக்குப் பக்கத்து மடுவில் பெரிய முதலை ஒன்று வந்து தங்கிவிட்டது. ஒரு கன்றுக்குட்டியை இழுத்துப் போய்விட்டது. ஊரில் ரைபிள் லைசென்ஸ் உன் மாமாவுக்கு மட்டும்தானே. போன வருஷம் ஒன்றை ஒரே சூட்டில் கவிழ்த்தவர் ஆயிற்றே என்று எல்லோரும் பின்னால் போனார்கள். மணல் திட்டில் அது வெயில் காய்ந்துகொண்டிருந்தது. சுட்டார். வலது பக்கம் ஒரு முழம் தள்ளி மணல் தெறித்தது. மறுபடி சுட்டார், இன்னும் தள்ளிப் போயிற்று. அது நிதானமாகத் தண்ணீரில் இறங்கிவிட்டது. பிறகு தோப்பில் பனைமரத்தில் கரியால் வட்டம் போட்டுச் சுட்டுப் பார்த்தார். முதல் குண்டு வட்டத்தை ஒட்டிப் பட்டது. அடுத்தது வலது புறம். அதற்கு அடுத்தது மரத்திலேயே படவில்லை.

சபாபதிக்குக் கை போய்விட்டது என்று உன் மாமாவைப் பற்றி டீக்கடையில் பேசுகிறார்களாம். அவர் சாப்பிடும்போது இலைக்கு மேல் கையை நீட்டி, நடுங்குகிறதா என்று பார்க்கிறார். நானும் பார்த்தேன். நடுங்கவில்லை.

அடுத்த வீட்டுப் பொன்னி தினமும் மாட்டுக்குப் புல் அறுக்க ஆற்றைக் கடந்து போகிறவள். கொஞ்ச நாள் போகாதே என்றேன். இவர் துப்பாக்கியோடு கரையில் நிற்கிறார் என்ற தைரியத்தில் அவள் கேட்பதாக இல்லை. “அண்ணன் கரையில நின்னா போதும்க்கா, நான் பாட்டுக்குப் போயிட்டு வந்துடுவேன்” என்கிறாள். அவள் மட்டுமா? பதினெட்டாம் பெருக்குக்கு ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் அந்தத் துறையில்தான் இறங்குவார்கள்.

கோளாறு துப்பாக்கியிலா, கையிலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? உடனே எழுது. துப்பாக்கியில்தான் என்று தெரிந்தால் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிறேன்.

உன் அன்பு அக்கா,
ஜகதாம்பாள்


வல்லம்படுகை
தாரண வருஷம், ஆடி 24

அன்புத் தம்பிக்கு, அக்காவின் ஆசீர்வாதம்.

உன் கடிதம் வந்து சேர்ந்தது. நீ அன்றைக்கே எழுதியிருக்கிறாய். வழியில் பிரித்துப் படித்து ஒட்டி அனுப்புகிறவர்கள் தாமதம் செய்துவிட்டார்கள். அது கைக்கு வருவதற்கு முன்பே பொன்னி போய்விட்டாள், தம்பி.

புல்லுக்கட்டோடு இக்கரைக்கு வந்துகொண்டிருந்தாள். முழங்கால் தண்ணீர்தான். உன் மாமா கரையில் நின்றிருந்தார். முதலை நீருக்கு மேல் தலையைத் தூக்கியதை அவள் பார்ப்பதற்கு முன்பே இவர் பார்த்துவிட்டார். பார்த்தவுடன் சுட்டார். குண்டு வலது பக்கம் தண்ணீரில் விழுந்தது. மறு குண்டும் அப்படியே. சாயங்காலம்தான் அவளைக் கரை சேர்த்தார்கள். அவள் புருஷன் தட்சிணாமூர்த்தி உன் மாமாவை ஒரு வார்த்தைகூடக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

அந்த வீட்டுத் துக்கத்துக்கு நடுவில்தான் உன் கடிதம் வந்தது. மறைக்க மனம் வராமல் அவரிடமே கொடுத்தேன். நீ எழுதியபடி ஒவ்வொன்றாகப் பார்த்தார். குறி பார்க்கும் முள் அசையவில்லை, திருகுகள் இறுக்கமாக இருந்தன, குழலின் வாயில் சேதம் இல்லை. கடைசியாக, குழலுக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு காகிதத்தை நுழைத்துப் பின்னால் வரை இழுத்துப் பார்க்கச் சொல்லியிருந்தாயே, அதைச் செய்தார். பழைய பஞ்சாங்கத் தாள் ஒன்றைக் கிழித்துக் கொடுத்தேன். இரண்டு விரற்கடை போய் நின்றுவிட்டது. இழுத்தார், கிழிந்தது. குழலைக் கழற்றினால், அது படுக்கிற பள்ளம் முழுவதும் வார்னிஷ். இடது பக்கம் தடித்துக் கட்டியாகி, குழலை வலப்புறம் தள்ளிக்கொண்டிருந்தது. சூடு ஏற ஏற இன்னும் தள்ளும் என்று நீ எழுதியது அப்படியே சரி.

சிதம்பரம் போய்ச் சிங்காரத்திடம் கேட்டார். அவர் பாவம், விழித்தார். “வெளியில மட்டும் பூசிட்டு உள்ள பச்ச மரமா உடுறதா? சாமி வாகனத்துல கண்ணுக்குத் தெரியாத எடத்துலதான மொதல்ல பூசுவோம்” என்றாராம். வேலையில் வஞ்சனை செய்யாத மனிதர். அவரை என்ன சொல்வது.

பூச்சைச் சுரண்டி எடுத்தார். பழைய பெட்டித் தோட்டாக்களைத் தொட அவருக்கு மனம் இல்லை. கடலூர் போய்ப் புதுத் தோட்டா வாங்கி வந்தார். பெருக்குக்கு முந்தின நாள் அதே மணல் திட்டில் அதே முதலை. ஒரே குண்டு. கண்ணுக்குப் பின்னால் பட்டு அந்த இடத்திலேயே கிடந்தது. ஊரே கூடி மாலை போட்டது. கை போய்விட்டது என்று பேசிய வாய்களே பாராட்டின. மாலையைக் கழற்றி எருமை முன்னால் போட்டுவிட்டு உள்ளே வந்து படுத்தவர், இன்னும் சரியாக எழுந்திருக்கவில்லை. பெருக்கன்று பெண்கள் பயமில்லாமல் ஆற்றில் இறங்கினார்கள். நான் போகவில்லை.

தன் கை நடுங்கியதுதான் காரணம் என்று நினைத்திருந்தபோது பொன்னிக்காக அழுதார். இப்போது அழுவதும் இல்லை. என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னார்: “ஜகதா, என் கை நல்லாத்தான் இருந்திருக்குது. மினுக்குனதுதான் அவளக் கொன்னுடுச்சி.”

உனக்காகத்தானே பூசினார்கள் என்று நீ மனதைக் குழப்பிக்கொள்ளாதே. அந்த எண்ணம் உனக்கு வரும், எனக்குத் தெரியும். வந்தால் விரட்டிவிடு. நிச்சயத்தைத் தைக்குத் தள்ளிப்போடச் சொல்லியிருக்கிறேன்.

நீ எனக்கு ஒரு காரியம் செய்ய வேண்டும். ஒரே சமயத்தில் இரண்டை மாற்றினால் எது காரணம் என்று தெரியாமல் போகும் என்று எழுதியிருந்தாய். உன் மாமா இரண்டையும் மாற்றிவிட்டார். பூச்சையும் எடுத்தார், தோட்டாவையும் மாற்றினார். அதைப் பிடித்துக்கொள். இந்தப் பூச்சால் குண்டு அவ்வளவு தூரம் தள்ளிப் போகாது, பழைய பெட்டியில் மருந்து ஈரம் பட்டுப்போயிருக்க வேண்டும், அதை யாராலும் வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியாது என்று அவர் பெயருக்கே எழுது. பட்டறைக்காரன் சொன்னால் நம்புவார். பொய் சொன்னால் சின்ன வயதிலிருந்தே உனக்குக் காது சிவந்துவிடும். கடிதத்தில் காது தெரியாது. வழியில் இதைப் படிக்கிற புண்ணியவான்களும் மன்னிக்கட்டும்.

அந்தப் பெட்டியில் இரண்டு தோட்டா மிச்சம் இருந்தது. உன் கடிதம் வந்தால் அவற்றைச் சுட்டுப் பார்க்காமல் இருக்கமாட்டார். அவை நேராகப் போய்விடும் என்றுதான் என் மனதுக்குத் தோன்றுகிறது. நேற்று மடியில் கட்டிக்கொண்டு போய்க் கொள்ளிடத்தில் போட்டுவிட்டேன். கேட்டால், தோட்டாவில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது, எறிந்துவிட்டேன் என்பேன். இனிமேல் உன் எழுத்து ஒன்றுதான் இருக்கிறது, தம்பி. சீக்கிரம் எழுது.

தில்லைக் கூத்தன் உன் கையையும் கண்ணையும் காப்பாற்றட்டும்.

உன் அக்கா,
ஜகதாம்பாள்